கடல் கடந்த பிலிப்பினோ குடும்பம்

பிழைப்பு நாடிப் பிறநாடு சென்ற மக்களின் வரலாற்றை எழுதுவோர், எத்தனை பேர் சென்றனர், எந்தக் கப்பலில் ஏறினர், என்ன கூலி பெற்றனர் என்பனவற்றையெல்லாம் விரிவாகவே எழுதுவர். சென்றவனுடைய மனைவி எங்கிருந்தாள், குழந்தைகள் யாரிடம் வளர்ந்தன என்னும் கேள்விகளுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கும். ஆயினும், ஒரு கூட்டத்தார் புதிய நாட்டில் குடியேறி வேரூன்றினரா, அன்றி உழைத்து ஓய்ந்து மறைந்தனரா என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்வியேயாகும். பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற மக்களின் நூறாண்டு கடந்த வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அவ்வரலாற்றைக் குடும்பம் என்னும் ஒரு பலகணி வழியே மட்டும் ஈண்டு நோக்குவோம். பிறந்த ஊரை விட்டு வந்து காலனியில் குடியிருக்கும் நமக்கு அது முற்றிலும் அயலார் கதையாகத் தோன்றாது.

பிலிப்பைன்ஸ் தீவுகளை 1565 முதல் ஸ்பெயின் நாட்டினர் ஆண்டு வந்தனர். 1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்ட போரில் ஸ்பெயின் தோற்றது. அவ்வாண்டு டிசம்பர் மாதம் பாரிஸ் நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, இரண்டு கோடி டாலர் பெற்றுக்கொண்டு ஸ்பெயின் அத்தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. தீவுகளின் மக்களை யாரும் கேட்கவில்லை. விடுதலை வேண்டி அவர்கள் புதிய எசமானரோடு போரிட்டுத் தோற்றனர். பிறகு அவர்களுக்கு ஒரு விந்தையான நிலை வாய்த்தது. அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர், அயல்நாட்டாரும் அல்லர். அமெரிக்கக் கொடியின் கீழ் வாழும் ‘நாட்டினர்’ என்று சட்டம் அவர்களைக் குறித்தது. வாக்குரிமை இல்லை, ஆனால் கப்பலேறி அமெரிக்க மண்ணில் இறங்குவதற்குத் தடையும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையே பின்னர் நடந்தவை அனைத்துக்கும் வித்து.

அக்காலத்தில் ஹவாய்த் தீவுகளில் கரும்புத் தோட்டங்கள் பெருகியிருந்தன. சீனர் வருகையை அமெரிக்கா 1882இலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. அவர்களுக்குப் பின் வந்த ஜப்பானியத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்யக் கற்றுக்கொண்டனர். தோட்டத் துரைமாருக்குப் புதிய ஆட்கள் தேவைப்பட்டனர். 1906 டிசம்பர் 20ஆம் நாள் ‘டோரிக்’ என்னும் கப்பலில் பதினைந்து பிலிப்பினோக்கள் ஹோனலூலு துறைமுகத்தில் வந்து இறங்கினர். ஓலாஆ என்னும் கரும்புத் தோட்டத்துக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அவ்வாறு சென்றோர் தொகை சுமார் 1,25,000 ஆயிற்று.

அவர்களுட் பெரும்பாலோர் லூசோன் தீவின் வடமேற்கிலுள்ள இலோகோஸ் பகுதியினர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். இடையே குறுகிய நிலம். மக்கள் தொகையோ மிகுதி. தந்தையின் வயல் மக்களிடையே பங்கிடப்பட்டுப் பங்கிடப்பட்டு, ஒரு குடும்பத்துக்குச் சோறு போட மாட்டாத துண்டுகளாகியிருந்தது. இப்படிப்பட்ட ஊரில் தோட்டத்து ஆள்பிடிப்போர் வந்து, கையை நீட்டச் சொல்லிக் காய்ப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தனராம். படித்தவனின் மென்மையான கை அவர்களுக்கு வேண்டாம். மணமாகாத இளைஞனாக இருந்தால் மேலும் நன்று. மனைவி மக்களோடு வருபவனுக்குத் தனி வீடு கொடுக்க வேண்டும். தனியாளுக்கு நீண்ட கொட்டகையில் ஒரு படுக்கை போதுமன்றோ? இப்படிச் சென்றவர்களுக்குச் ‘சகாதா’ என்று பெயர்.

தோட்டத்தில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், மாதத்துக்கு இருபத்தாறு நாள் வேலை. ‘லூனா’ எனப்படும் கங்காணி குதிரைமீதமர்ந்து மேற்பார்வை செய்வான். தொழிலாளிக்குப் பெயர் இல்லை. எண் பொறித்த உலோக வில்லையே அவன் அடையாளம். இவையெல்லாம் தோட்டத் தொழிலாளர் வரலாறு எங்கும் காண்பனவே. நாம் கவனிக்க வேண்டுவது வேறொன்று. ஜப்பானியத் தொழிலாளர், புகைப்படங்களை அனுப்பி மணம் பேசி, ஊரிலிருந்து பெண்களை வரவழைத்துக்கொண்டனர். அவர்களுடைய குடியிருப்பில் அடுப்பு எரிந்தது, குழந்தைகள் பள்ளிக்குச் சென்றன. அதே தோட்டத்தில் பிலிப்பினோக்களின் கொட்டகைகளிலோ ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்தனர். ஞாயிறு வந்தால் சேவற்சண்டை; மற்ற நாட்களில் களைப்பும் உறக்கமும். இரண்டு கூட்டத்தாரும் ஒரே கரும்பைத்தான் வெட்டினர். ஆனால் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது ஒரு கூட்டம் ஊராகியிருந்தது. மற்றொன்று முகாமாகவே இருந்தது.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவரை இலோகோஸ் மக்கள் ‘ஹவாயானோ’ என்று அழைத்தனர். அவரிடம் பணம் இருக்கும், வயது கடந்திருக்கும். இளம் பெண் ஒருத்தியை மணந்துகொள்வார். திரும்ப வழியில்லாதவர் தோட்டத்திலேயே இருந்து முதுமையடைந்தார்.

1920களில் பலர் ஹவாயிலிருந்தும், நேரே மணிலாவிலிருந்தும் அமெரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கரைக்குச் சென்றனர். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் வாழ்க்கை அது. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் வட்டாரத்தில், நம் தண்ணீர்விட்டான் செடியின் இனமாகிய அஸ்பராகஸ் தண்டுகளைக் குனிந்து குனிந்து வெட்டுவர். பின் சலினாஸ் பள்ளத்தாக்கில் லெட்யூஸ் கீரை பறிப்பர். கோடை வந்ததும் அலாஸ்கா சென்று, சால்மன் மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் உழைப்பர். இளைஞராய் இருந்தபோது அங்கு நேர்ந்த விபத்தில் கைவிரல்களை இழந்த லாரி இட்லியோங் என்பவர் பின்னாளில் பெரும் தொழிற்சங்கத் தலைவரானார். ‘ஏழு விரல்காரர்’ என்பது தோழர்கள் அவருக்கு இட்ட பெயர்.

1930ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி பெருநிலத்தில் வாழ்ந்த பிலிப்பினோக்கள் சுமார் 45,000 பேர். அவர்களுள் ஏறக்குறைய பதினான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்னும் நிலை. அன்றுவரை பெண்கள் வருவதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கப்பற் கட்டணமும், பெண்ணைத் தனியே அனுப்பாத ஊர் வழக்கமும், ‘இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிவிடுவோம்’ என்னும் நம்பிக்கையுமே தடைகளாயின. அந்த நம்பிக்கை எத்துணைப் பேரை ஏமாற்றியது என்பதைத் தனியே எழுதினால் ஒரு நூலாகும்.

ஊரிலிருந்து பெண் வர வழியில்லை. அங்கேயே மணந்துகொள்ளலாமா எனில், வெள்ளையர் பிற இனத்தாரை மணப்பதைக் கலிபோர்னியச் சட்டம் தடுத்தது. அச்சட்டத்தில் நீக்ரோவர், மங்கோலியர் என்று எழுதியிருந்தனர். பிலிப்பினோ எந்த இனம் என்பது வழக்காயிற்று. பிலிப்பினோ மங்கோலியர் அல்லர், மலாய் இனத்தவரே என்று 1933இல் முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அதே ஆண்டில் சட்டமன்றம் ‘மலாய் இனத்தார்’ என்னும் சொல்லையும் சட்டத்தில் சேர்த்துவிட்டது! அத்தடையை 1948இல்தான் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் நீக்கியது. நாடு முழுமைக்கும் நீங்கியது 1967இல். இடைப்பட்ட காலத்தில், துணிந்தவர் வேறு மாநிலம் சென்று மணந்து திரும்பினர்.

பகை சட்டப் புத்தகத்தோடு நிற்கவில்லை. 1930 ஜனவரியில் வாட்சன்வில் என்னும் ஊரின் அருகே பிலிப்பினோ இளைஞர் நடன மண்டபம் ஒன்றைத் திறந்தனர். வெள்ளைப் பெண்கள் அங்கு நடனமாட வந்தது கண்டு வெகுண்ட கூட்டத்தார் ஐந்து நாட்கள் பிலிப்பினோக்களை வேட்டையாடினர். தொழிலாளர் கொட்டகை ஒன்றின்மீது சுட்டபோது பெர்மின் தொபேரா என்னும் 22 வயது இளைஞர் குண்டு பாய்ந்து மாண்டார். அவர் உடல் மணிலாவுக்கு அனுப்பப்பட்டது. உழைக்க வரலாம், காதலிக்க வரலாகாது என்பது அக்கூட்டத்தாரின் கருத்து.

பின்னர் 1934இல் ஒரு சட்டம் வந்தது. பத்தாண்டில் பிலிப்பைன்ஸுக்கு விடுதலை தருவதாக அது வாக்களித்தது. அதே கையால், அன்றுமுதல் பிலிப்பினோக்கள் அயல்நாட்டார் ஆவர் என்றும், ஆண்டுக்கு ஐம்பது பேருக்கு மேல் வரலாகாது என்றும் விதித்தது. அதுவரை பொருளின்மையால் பிரிந்திருந்த குடும்பம் அன்றுமுதல் சட்டத்தாலும் பிரிந்தது. மறு ஆண்டில், ஊர் திரும்ப விரும்புவோருக்கு இலவசக் கப்பற்பயணம் தருவதாக அரசு அறிவித்தது. மீண்டும் அமெரிக்கா வர விரும்பினால் அந்த ஐம்பது பேர் வரம்புக்குட்பட்டே வரலாம் என்னும் நிபந்தனையும் கூடவே இருந்தது. ஏறக்குறைய 2,200 பேரே அதனை ஏற்றனர். ஏன் மற்றவர் செல்லவில்லை?

அதற்கு விடை அவர்கள் ஊருக்கு அனுப்பிய புகைப்படங்களில் இருக்கிறது. புகழ்பெற்ற மக்கின்டாஷ் சூட்டு அணிந்து, தலையை நேர்த்தியாக வாரி, சில வேளை பிறருடைய மோட்டார் வண்டிமீது சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வர். அந்தப் படம் ஊரில் வரவேற்பறையில் தொங்கும். அதைக் கண்டு அடுத்த இளைஞன் புறப்படுவான். படத்திலுள்ள சூட்டு எத்தனை வாரக் கூலி என்பது படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. அப்படிப் படம் அனுப்பியவன் வெறுங்கையோடு திரும்பி நிற்பது எங்ஙனம்? நிலத்தை அடகு வைத்துக் கப்பற் கட்டணம் கொடுத்த தந்தையின் முகத்தில் விழிப்பது எங்ஙனம்? விடுமுறையில் ஊருக்குச் செல்லுமுன் கடன் வாங்கியேனும் புதுத்துணி எடுக்கும் நம்மவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பிலிப் வேரா குரூஸ் என்பவரின் வாழ்க்கை இதற்கு எடுத்துக்காட்டு. 1904இல் இலோகோஸில் பிறந்த அவர் 1926இல் அமெரிக்கா வந்தார். மேற்படிப்புப் படிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். ஆனால் ஊரிலிருந்த தம்பி தங்கையரின் படிப்பே முன்னின்றது. பெட்டி செய்யும் ஆலை, உணவு விடுதி, திராட்சைத் தோட்டம் என்று உழைத்துப் பல்லாண்டுகள் ஊருக்குப் பணம் அனுப்பி வந்தார். மீண்டும் அவர் தாய்நாட்டில் கால் வைத்தது 1980களின் பிற்பகுதியில். அதாவது அறுபது ஆண்டு கழித்து. குடும்பத்தைக் காத்தவர் குடும்பத்தைக் காணவில்லை.

குடும்பம் இல்லாத இடத்தில் மனிதர் ஒன்றைப் படைத்துக்கொள்கின்றனர். மூத்தவரை ‘மனோங்’ என்று அழைப்பது இலோகோஸ் வழக்கு. நம் ‘அண்ணாச்சி’ போன்றது அச்சொல். ஒரே குழுவாக ஊர் ஊராய்ச் சென்று ஒரே அடுப்பில் சமைத்து உண்டவர்கள் ஒருவருக்கொருவர் மனோங் ஆயினர். ஸ்டாக்டன் நகரின் ஒரு பகுதி ‘சிறு மணிலா’ எனப் பெயர் பெற்றது. அங்கிருந்த லாபயெட் சிற்றுண்டிச்சாலை நிலையான முகவரி இல்லாத தொழிலாளருக்குத் தபால் நிலையமாகவும் விளங்கியது. ஊரிலிருந்து வரும் கடிதங்களை உரிமையாளர் பத்திரப்படுத்தி வைத்திருந்து, பருவம் முடிந்து திரும்புவோரிடம் கொடுப்பார். அவர் பேத்தி டான் மபலோன் பிற்காலத்தில் வரலாற்றாசிரியையாகி, அந்த வட்டாரத்தின் வரலாற்றை 2013இல் நூலாக வெளியிட்டார்.

அரிதாக ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அது ஊர் முழுவதற்கும் திருவிழா. கிறித்தவ முறைப்படி ஞானஸ்நானத்துக்கு ஞானத்தந்தை ஒருவர் நிற்பது போதும். அங்கோ ஒரு குழந்தைக்குப் பல பத்துப் பேர் ஞானத்தந்தையர் ஆயினர். மணமாகாத ஒவ்வொருவரும் அந்த ஒரு குழந்தைக்குத் தந்தை முறையாக விரும்பினர். பரிசாகக் காசும் நகையும் குவிந்தன. இச்செய்தியைப் படித்தபோது, கூலி விவரங்களையும் கலக விவரங்களையும் விட இதுவே எனக்கு அவர்களுடைய தனிமையை உணர்த்தியது.

நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். 1941 டிசம்பரில் ஜப்பான் பிலிப்பைன்ஸைத் தாக்கியது. மறு ஆண்டில் கலிபோர்னியாவில் பிலிப்பினோக்களைக் கொண்ட காலாட்படை அமைக்கப்பட்டது. நேற்றுவரை குடியுரிமைக்குத் தகுதியற்றவர் எனப்பட்டவர், இன்று துப்பாக்கி ஏந்தியதும் தகுதி பெற்றனர். 1943இல் பீல் முகாமில் நூற்றுக்கணக்கான வீரர்கள் ஒரே நாளில் அணிவகுத்து நின்று குடிமக்களாயினர். ஆயினும் கலிபோர்னியாவில் அவர்கள் விரும்பிய பெண்ணை மணக்க முடியவில்லை. ஆகவே மணமக்கள் நியூ மெக்சிகோ மாநிலத்துக்குச் சென்று மணம் முடித்துத் திரும்ப, படையினரே பேருந்து ஏற்பாடு செய்தனர். போர் முடிந்தபின் பல வீரர்கள் தாய்நாட்டிலேயே மணம் புரிந்தனர். போர்வீரர்தம் மனைவியர் வருவதற்கென 1945இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அம்மணப்பெண்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கா சேர்ந்தனர். கொட்டகைகள் வீடுகளாகத் தொடங்கியது அப்போதுதான்.

1946 ஜூலை 4ஆம் நாள் பிலிப்பைன்ஸ் விடுதலை பெற்றது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 2ஆம் நாள், குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். பிலிப்பினோக்கள் குடியுரிமை பெறலாம். ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம் என்பது அதன் சாரம். இச்சட்டம் நம்மையும் தொடுவது. இந்தியருக்கும் அதே சட்டமே குடியுரிமையும், ஆண்டுக்கு நூறு இடமும் அளித்தது. பஞ்சாபிலிருந்து சென்று கலிபோர்னிய வயல்களில் பல்லாண்டு உழைத்த உழவரும், இலோகோஸ் தொழிலாளரும் ஒரே தாளில் எழுதப்பட்ட விதியால் ஒரே நாளில் உரிமை பெற்றனர்.

அவ்வாண்டில் ஹவாய்த் தோட்டத் துரைமார் இறுதியாக ஒரு பெருங்கூட்டத்தை வரவழைத்தனர். சுமார் 6,000 ஆண்கள். இம்முறை அவர்களோடு நூற்றுக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் வந்தனர். முதற் கப்பலுக்கும் கடைசிக் கப்பலுக்கும் இடையே நாற்பது ஆண்டு; அந்நாற்பது ஆண்டில் துரைமார் கற்ற பாடம் அந்தக் குழந்தைகள் எனலாம். ஹவாயில் இன்று பிலிப்பினோ வழியினர் மிகப்பெரிய இனத்தாருள் ஒருவர். 1994இல் அம்மாநிலத்தின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பென் கயெதானோ அவ்வழியில் வந்தவரே.

1965ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். செப்டம்பர் 8ஆம் நாள் கலிபோர்னியாவின் டெலானோ ஊரில், லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோத் திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். மணிக்கு 1.40 டாலர் கூலி அவர்கள் கோரிக்கை. எட்டு நாள் கழித்து சேசர் சாவேசின் மெக்சிகத் தொழிலாளர் சங்கம் உடன் சேர்ந்தது. ஐந்தாண்டு நடந்து 1970இல் வெற்றி கண்ட அப்போராட்டத்தைச் சாவேசின் பெயரோடு இணைத்தே உலகம் நினைக்கிறது. முதலில் வேலையை நிறுத்தியவர் அந்த முதிய பிலிப்பினோக்களே. அவர்களில் பலர் ஐம்பதும் அறுபதும் கடந்தவர். மனைவி மக்கள் இல்லாதவர். வெற்றிக்குப் பின் சங்கம் பதிவு மூப்புப்படி ஆட்களைப் பிரித்து அனுப்பும் முறையைக் கொணர்ந்தது. மெக்சிகர் அதனை வரவேற்றனர். மனோங்குகளுக்கோ முப்பது ஆண்டு ஒன்றாக உண்டு உறங்கிய குழு கலைந்தது. குழுவே குடும்பமாயிருந்தவர்களுக்கு அது சிறு இழப்பன்று. இட்லியோங் 1971இல் சங்கத்தை விட்டு விலகினார்.

வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதம் நிறைவதற்குள், அக்டோபர் 3ஆம் நாள், புதிய குடியேற்றச் சட்டம் கையொப்பமாயிற்று. இனவாரியான ஒதுக்கீடு ஒழிந்தது. குடும்பத்தை ஒன்று சேர்ப்பதே சட்டத்தின் முதல் நோக்கமாயிற்று. குடிமகனின் மனைவி, மைனர் குழந்தை, பெற்றோர் ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. உடன்பிறந்தாருக்கும் வளர்ந்த மக்களுக்கும் வரம்புக்குட்பட்ட இடமுண்டு. டெலானோ கிழவர்களுக்கு இது காலங்கடந்து வந்த மழை. அவர்களுக்கென்று 1974இல் தொண்டர்கள் சேர்ந்து டெலானோவில் அக்பயானி கிராமம் என்னும் முதியோர் இல்லத்தைக் கட்டினர். மறியலின்போது உயிர்நீத்த ஒரு தோழரின் பெயர் அது. சான்பிரான்சிஸ்கோவில் பன்னாட்டு விடுதி என்னும் பழைய கட்டடத்தில் தங்கியிருந்த முதியவர்களுக்கு அந்த நற்பேறும் இல்லை. 1977 ஆகஸ்டு 4ஆம் நாள் அதிகாலையில், கைகோத்து நின்று காத்த ஆயிரக்கணக்கானோரைக் கடந்து சென்று, போலீசார் அவர்களை வெளியேற்றினர். ஸ்டாக்டனில் சிறு மணிலாவின் பெரும்பகுதியை நெடுஞ்சாலை விழுங்கியது. எஞ்சிய பழைய விடுதி ஒன்றின் நிலவறையில், அத்தொழிலாளர்கள் விட்டுச் சென்ற ட்ரங்குப் பெட்டிகள் பல 2005இல் கண்டெடுக்கப்பட்டன. துணிகளும் கடிதங்களும் படங்களும் அவற்றில் இருந்தன. பெட்டிகளைத் தேடி யாரும் வந்ததில்லை. வர மக்கள் இருந்திருந்தால் வந்திருப்பர்.

புதிய சட்டத்தின் கீழ் முதலில் புறப்பட்டது ஆண் அல்லன், பெண். அமெரிக்க ஆட்சியில் பிலிப்பைன்ஸில் செவிலியர் பள்ளிகள் ஏற்பட்டிருந்தன, ஆங்கிலத்திலேயே பாடம். 1948இல் தொடங்கிய பரிமாற்றத் திட்டத்தின்படி பல செவிலியர் இரண்டாண்டுப் பயிற்சிக்கு அமெரிக்கா சென்று மருத்துவமனைகளுக்குப் பழகியிருந்தனர். 1965க்குப் பின் அவர்கள் நிலையாகக் குடியேறினர். முதலில் செவிலியாகிய மனைவி, பின் கணவன், பின் குழந்தைகள், குடியுரிமை பெற்றபின் பெற்றோர், இறுதியில் உடன்பிறந்தார் என்று ஒவ்வொருவராய்ச் சங்கிலி நீண்டது. இரவு வேலைக்குச் செல்லும் தாய், பகல் வேலைக்குச் செல்லும் தந்தை, வீட்டில் பேரரைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி என்னும் அமைப்பு உருவாயிற்று. ஊரில் வக்கீலாகவோ ஆசிரியராகவோ இருந்த கணவன் அங்கே கிடங்கு வேலை பார்த்ததும் உண்டு. அந்தத் தாழ்வை வெளியே சொல்லாமல் பொறுத்தவர் பலர். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் அமெரிக்காவில் பிலிப்பினோ வழியினர் நாற்பது லட்சத்துக்கு மேல்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. பிலிப்பினோவுக்குக் குடும்பம் என்பது தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சமமாகக் கொண்டது. சித்தி மகளும் தங்கை, அத்தை மகனும் அண்ணன். சட்டத்துக்கோ குடும்பம் என்பது எழுதி வைத்த வரையறை. எங்கள் ரயில்வேயில் பாஸ் விதிகளில் குடும்பம் என்பதற்கு அப்படியொரு விளக்கம் உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்று அதைப் பார்த்துச் சொல்வது என் போன்ற குமாஸ்தாக்களின் அன்றாட வேலை. தன் கைச்சோற்றில் வளர்ந்த தங்கை மகனுக்குப் பாஸ் கேட்பவரிடம் ‘விதியில் இல்லை’ என்று சொல்வது எளிதன்று. அமெரிக்க விதியின் கொடுமை இதனினும் பெரிது. நிரந்தரக் குடியிருப்பு மட்டும் பெற்ற ஒருவர் தம் வளர்ந்த மகனுக்காக மனுச்செய்யலாம். ஆனால் முறை வருமுன் அம்மகன் மணம் செய்துகொண்டால் மனு செல்லாது. ஆகவே மணிலாவில் பலர் முப்பது வயதுக்கு மேலும் மணத்தைத் தள்ளிவைத்தனர். சிலர் இரகசியமாய் மணந்து, அது வெளிப்பட்டபோது இடத்தை இழந்தனர். முன்பு மணந்துகொள்ளக் கூடாதென்று தடுத்த நாடு, பின்பு மணந்தால் வரக்கூடாதென்றது. குழந்தைக்கு 21 வயது நிறைந்துவிட்டால் அது குழந்தை அல்லவாகி வரிசை மாறும். பலர் இவ்வாறு பெற்றோரிடமிருந்து பிரிந்தபின், 2002இல் வந்த சட்டம் ஓரளவு இதைச் செப்பனிட்டது.

எல்லாக் குடும்பத்துக்கும் அமெரிக்க வழி திறக்கவில்லை. 1974இல் மார்க்கோஸ் அரசு தொழிலாளர் சட்டமொன்றை இயற்றி, மக்களை ஒப்பந்த வேலைக்கு வெளிநாடு அனுப்புவதை அரசின் கொள்கையாகவே ஆக்கிற்று. அரபு நாடுகளுக்கு ஆண்கள், ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் வீட்டு வேலைக்குப் பெண்கள் என்று புறப்பட்டனர். இங்கே பழைய கதை திரும்பிற்று: ஆள் வரலாம், குடும்பம் வரலாகாது. தன் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, பிறர் குழந்தையை வளர்க்கச் சென்ற பெண்கள் இலட்சக்கணக்கானோர். 1995இல் சிங்கப்பூரில் பிலிப்பினோ வீட்டுப் பணிப்பெண் ஒருவர் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொதித்தெழுந்தது. அவ்வாண்டே புலம்பெயர் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வெளிநாட்டிலிருப்போர் அனுப்பும் பணம் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு மூவாயிரம் கோடி டாலரையும் கடந்துள்ளது. பணத்தோடு பெட்டியும் வரும். சோப்பு, சாக்லேட், டப்பா இறைச்சி, குழந்தைக்குச் செருப்பு என்று மாதக்கணக்கில் சேர்த்துக் கப்பலில் அனுப்பும் அதற்குப் பாலிக்பாயன் பெட்டி என்று பெயர். குழந்தையின் கால் அளவைத் தாய் காகிதத்தில் வரைந்து அனுப்பச் சொல்லி வாங்க வேண்டியிருக்கும். செருப்பு வந்து சேரும்போது கால் வளர்ந்திருக்கும்.

போர்வீரர் கதையையும் முடித்துவிடல் வேண்டும். பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் கொடியின் கீழ்ப் போரிட்டோர்க்கு வாக்களித்த உதவிகளை 1946 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் பறித்தது. 1990இல் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. எழுபது வயதில் பல கிழவர்கள் அமெரிக்கா சென்றனர், பின்னால் மக்களை அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பி. 2009இல் குடிமக்களாயிருந்தோர்க்கு 15,000 டாலரும், மற்றவர்க்கு 9,000 டாலரும் ஒருமுறை வழங்கப்பட்டன. மக்களோ வரவில்லை, மனுக்கள் வரிசையில் நின்றன. வரிசையில் நிற்கும் அவர்களை முன்கூட்டியே வரவிடும் திட்டம் 2016இல் தொடங்கியபோது, அவ்வீரர்களில் பெரும்பாலோர் உயிரோடில்லை.

அமெரிக்க அரசு மாதந்தோறும் ஓர் அட்டவணை வெளியிடுகிறது. எந்த ஆண்டு, எந்த மாதம் மனுச்செய்தவரின் முறை இப்போது வந்துள்ளது என்பதை அது காட்டும். ரயில் நிலையத்தின் காத்திருப்போர் பட்டியல் போன்றதே. நாளுக்குப் பதில் ஆண்டு என்பதே வேறுபாடு. பெரும்பாலான நாடுகளுக்குச் சேர்த்து ஒரே பத்தி. மனுக்கள் மிகுந்த சில நாடுகளுக்கு மட்டும் தனித்தனிப் பத்தி. பிலிப்பைன்ஸுக்கு அவ்வாறு ஒரு பத்தி உண்டு. அதில் உடன்பிறந்தாருக்குரிய வரிசையில், சுமார் இருபது ஆண்டுக்கு முன் மனுச்செய்தோர் இப்போது அழைக்கப்படுகின்றனர். அதே அட்டவணையில் இந்தியாவுக்கும் தனிப் பத்தி இருக்கிறது.